போனிடம் பொய் சொல்பவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், போனிடம் பொய் சொல்பவர். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் மாமா.

நாம் தேடுவதையெல்லாம் வேவு பார்த்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுகிறார்கள், சட்டம் போட்டும் அடங்கவில்லை என்பதால் மாமாவே களத்தில் இறங்கிவிட்டார். கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார், பாங்குக்குப் போகும்போது போனை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுவார், தனக்குச் சர்க்கரை என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியக் கூடாதென்று தினமும் காலையில் அதை வாயருகே பிடித்து, "நேக்கு ஆனை வாங்கணும். கொம்பன் ஆனை. சின்னதா இருந்தாலும் போறும்" என்று மூன்று முறை சொல்வார். யானை விளம்பரம் வந்ததா? குளியல் சோப்பு விளம்பரம் வந்தது. பெரிய சோப்பு. மாமா ஜெயித்துவிட்டார்.

ஜெயித்த கையோடு சாயாக்கடைக்குப் போவார். "சேட்டா, பஞ்சசார வேண்டா! சர்க்கரை இன்னிக்கு இருநூத்திப் பத்து!" படகுத்துறை வரை கேட்கும். ஜவுளிக்கடைக் குலுக்கலில் பிறந்த தேதி, கல்யாண நாள், மருமகள் நம்பர் எல்லாம் எழுதிப் பெட்டியில் போடுவார். அது வேறு. அது காகிதம்.

போன மாதம் அப்பா இறந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும், மேஜையில் கிடந்த அப்பாவின் போனை மாமா பார்த்துவிட்டார். திரையில் முட்டிப் பட்டை விளம்பரம்: 'படி ஏற முடியவில்லையா?'

"அஞ்சனா, போன மனுஷனைக்கூட விடமாட்டேங்கறான், கேட்டியா! நீ கம்ப்யூட்டர் படிச்சவ. எல்லாத்தையும் அழிச்சுக் களை."

"அழிக்கறேன் மாமா."

"இப்பவே."

"நாளைக்கு."

"ஒரு பட்டன்தானேடி?"

ஒரு பட்டன்தான். அப்படிப்பட்ட பட்டன்களைச் செய்வதுதான் என் வேலை. அழுத்தினால் விளம்பரம் நின்றுவிடும். அப்பாவுக்கு இன்னும் முட்டி வலிக்கிறது என்று நம்புவது உலகத்தில் அது ஒன்றுதான்.

நான் அழிக்கவில்லை; பத்து நாளில் விளம்பரம் தானாகவே குறைய ஆரம்பித்தது. தேட ஆள் இல்லாவிட்டால் அதுவும் மறந்துவிடும். இன்று காலை அப்பாவின் போனை எடுத்து, 'இடது முட்டி வலி, பெரிய அளவுப் பட்டை' என்று தேடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா யானை கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'விதிமுறைகளை முழுவதும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள் கடைசியாகப் போனில் அழுத்தியது என்றைக்கு?