சாவுக்குப் போன கார்

தியாகதுருகத்தைத் தாண்டியதுமே தீனதயாளனின் காரை மறித்துவிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. சாலையின் குறுக்கே புளியமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது.

குவைத்தை விட்டு ஊரோடு வந்துவிட்ட அவர், அங்கே வாங்கிய லைசென்ஸைக் கொடுத்து இங்கே ஒன்று வாங்கியாக வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு வாரம் ஒருமுறை வரும் ஆதிமூலம் என்ற அதிகாரி, வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தருவாராம். இன்று தவறினால், பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"சாவுக்குப் போறவங்கள மட்டும் விடறோம்ங்க" என்றார்கள் இளைஞர்கள்.

தீனதயாளன் மிகுந்த மனவருத்தத்துடன் திரும்பிச் சென்று, ஒரு மாலை வாங்கிக் காரின் முகப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பெரியவரும் சாவுக்குத்தான் போறாராம். ஏத்திக்கினு போங்க" என்று மரத்தின் ஓரமாக வழிவிட்டார்கள் இளைஞர்கள்.

பெரியவர் பின்சீட்டில் அமர்ந்தார். வண்டி கிளம்பியதும் அவர் அலறினார்.

"யோவ், இன்னாய்யா வலப்பக்கமே போய்க்கினு இருக்க?"

"மன்னிச்சிடுங்க. குவைத்துல அப்படித்தாங்க."

"வேகம் ஜாஸ்தி. ஊருக்குள்ள முப்பதுதான். கம்மி பண்ணு!"

துக்கத்திலும் இவ்வளவு விதி பேசுகிறாரே என்று தீனதயாளன் வியந்தார்.

அடுத்த மறியலில் கேள்வி வேறாக இருந்தது. "செத்தது யாருங்க?"

காலையிலிருந்து மரியாதையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்த ஒரே பெயர்தான் அவர் வாயில் வந்தது. "லைசென்ஸ் ஆபீசர் ஆதிமூலம் ஐயாங்க."

பின்சீட்டில் பெரியவருக்குப் புரையேறியது. துண்டால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"பாவம், ரொம்ப வேண்டியவரு போல" என்றார் ஒருவர். "நல்ல மனுஷன். காசு வாங்காம எனக்கு லைசென்ஸ் குடுத்தாரு. டேய், டிராக்டர எடுங்கடா! நாமளும் போய் மாலை போட்டுட்டு வரலாம்."

காருக்குப் பின்னால் டிராக்டர் தொடர்ந்தது. அதற்கும் பின்னால் மேளம் சேர்ந்துகொண்டது. தீனதயாளனுக்கு ஸ்டீயரிங்கே வியர்வையில் வழுக்கியது.

"ஐயா, உண்மைய சொல்லிடறேன். அவரு சாகலீங்க. அவர் முகத்தகூட நான் பாத்ததில்ல. லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு. இவங்க அடிக்காம விட்டாலே போதுங்க!"

"அது கெடக்கட்டும். மறுபடியும் வலப்பக்கம் போற பாரு. எடதால போ!" என்றார் பெரியவர் துண்டுக்குள்ளிருந்து.

அலுவலக வாசலில் கார் நின்றது. தீனதயாளன் கண்களை இறுக மூடிக்கொண்டார். பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. டிராக்டர் வந்து நின்றது, மேளம் ஓய்ந்தது.

வாசலில் நின்ற காவலாளி இருசப்பனிடம் ஒருவர் தழுதழுத்த குரலில் கேட்டார். "அண்ணே, ஆதிமூலம் ஐயாவ எங்க கெடத்தியிருக்கீங்க?"

"கெடத்தறதா? இப்பத்தான்ப்பா இந்தக் காரு பின்சீட்லேர்ந்து எறங்கி, ஓட்டுனவரு பாஸுன்னு சொல்லிட்டு உள்ள போறாரு!"