மண்டைக்குள் மணியடிப்பவர்

வாசகரே, மேற்பார்வை பார்ப்பவர்களில் பல இனம் உண்டு. கையைக் கவனிப்பவர் ஒரு இனம், கடிகாரத்தைக் கவனிப்பவர் இன்னொரு இனம். நான் சொல்லவந்தது உங்கள் மண்டைக்குள்ளேயே எட்டிப் பார்க்கும் இனம்.

தன்னாமுனைப் பக்கம் வாவிக்கரைத் தென்னந்தோட்டத்தின் கங்காணி அருமைநாயகம் இந்த இனத்தில் அசல். அங்கே பத்துப் பெண்கள் கொட்டிலில் குந்தியிருந்து, வாவியில் ஊறவைத்த ஓலையை எடுத்து, விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை கூரை வேயும் கிடுகு பின்னுகிறார்கள். மடி, பின்னு, அடுத்ததை எடு. மனம் ஓடாமல் கிடுகுக்குள்ளேயே சுருண்டு படுத்திருக்க அது என்ன பூனைக்குட்டியா? ஆனால் நம்மவர், பழைய சைக்கிளில் கழற்றிய மணியை மடியில் செருகி, வெற்றிலையை மென்றபடி பதுங்கிப் பதுங்கி வந்து, ஒருத்தியின் காதடியில் ‘கிணிங்’ என்று அடித்து, அவள் திடுக்கிட்டு ஓலையைக் கிழித்துக்கொண்டு நிமிரும்போது நீதவான் தோரணையில் கேட்பார்:

“இப்ப என்ன நினைச்ச புள்ள?”

‘கிடுகு’ என்றால் பிழைத்தாள். வேறெதையாவது சொன்னால் பலகையில் அவள் பெயருக்கு நேரே ஒரு சுண்ணாம்புப் புள்ளி. ஐந்து புள்ளி விழுந்தால் வேலை போச்சு. கிழிந்த ஓலைக்குப் புள்ளி வைக்க மட்டும் பலகை கிடையாது.

அன்னப்பூரணிக்கு ஏற்கெனவே நாலு புள்ளி. மூன்று பிள்ளைகள் அவள் உழைப்பில்தான் சாப்பிடுகிறார்கள். மாரி வெள்ளம் ஏறியிருந்த ஒரு நாள் மணி அவள் காதடியில் அடித்தது. பொய் சொல்லியிருக்கலாம். மனுசி உண்மையைச் சொன்னாள்.

“வெள்ளம் வயல மூடுதெண்டு நாளைக்கு விடிய வாவிய மறிச்சிருக்கிற முகத்துவாரத்து மணல வெட்டப்போறாங்களாம், கங்காணியார். தண்ணி கடலுக்கு இழுத்தா ஊறப்போட்ட ஓல மறுகா நமக்கில்ல. கட்டிப்போடணுமே எண்டு...”

“கை இஞ்ச, மனம் முகத்துவாரத்தில!”

அருமைநாயகம் பூரித்துப்போனார். ஒரு மனம் இவ்வளவு தூரம் ஓடியதை அவர் அதுவரை அளந்ததில்லை. ஐந்தாம் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்து, அவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் முகத்துவாரம் வெட்டினார்கள். வாவியில் ஊறப்போட்டிருந்த மூவாயிரம் ஓலையும் கடலுக்குப் போயிற்று. மிச்சமிருந்த ஒன்பது பெண்களும் வெறுங்கையோடு குந்தியிருக்க, அவர் அன்றும் மணியடித்தார். ஒன்பது பேரும் ‘கிடுகு’ என்றார்கள். ஒரு புள்ளிகூட விழவில்லை. தன் முறைக்கு முழு வெற்றி என்று தோட்டத்து முதலாளிக்குக் கடிதம் எழுதினார். அன்னப்பூரணியைத் திரும்பக் கூப்பிட்டாரா? புள்ளி என்றால் புள்ளிதானே!

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இன்று காலை உங்கள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “முதலில் கையிலுள்ள வேலையைப் பார்” என்றீர்களே, அவள் என்ன சொல்ல வந்தாள்?