ஆந்தைப் பதக்கமும் அவித்த முட்டையும்

“மிஸ்டர் எல்டன், இதெல்லாம் நீங்க எந்தப் பந்தயத்துல ஜெயிச்சது?” என்று பக்கத்து வீட்டு டில்லி ஒருநாள் கேட்டாள்.

டில்லிக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைக்காத வயது. அவள் விரல் நீட்டிய பலகையில் எல்டன் பிரூவிட் ஆயுள் முழுக்கச் சேர்த்த பதக்கங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டவை. ஒன்று நூற்றாண்டு விழாவுக்கு, ஒன்று நூலகத் திறப்புக்கு, ஒன்று புதிய தலைவர் பொறுப்பேற்றதற்கு. எல்டன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்ல. ஓஹையோவில் அந்தச் சிறிய ஊரைச் சுற்றி ரொட்டி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழகத்தில் அவர் அதிகபட்சம் பார்த்தது சாப்பாட்டுக்கூடத்தின் பின்வாசல்தான். ரொட்டியை அங்கேதான் இறக்குவார்.

“ஜெயிக்கல கண்ணு. வாங்கினேன்.”

“வாங்குறதுதான் வாங்கினீங்க, எதுக்குக் கறுப்பா வாங்கினீங்க? சாக்கு ஓட்டத்துல எனக்குக் குடுத்த மெடலே பளபளன்னு இருக்கே!”

எல்டன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நோரீன் மட்டும் அதை விடவில்லை. மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு வினையும் அந்த முடிச்சில்தான் இருந்தது.

இலையுதிர் காலம் வந்தது. சனிக்கிழமை மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தள ஹாலில் பதக்கக் கழகத்தின் கண்காட்சி. இந்த முறை அதில் ஒரு விசேஷம் இருந்தது. கிரேவன்ஹில் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பதக்கம் முதல் தடவையாக இரண்டு பக்கமும் தெரிய வைக்கப்படப் போகிறது. ஒரு பக்கம் நிறுவனரின் முகம், மறுபக்கம் புத்தகத்தின் மேல் உட்கார்ந்த ஆந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே பதக்கத்தை வைத்து முகத்தையும் முதுகையும் ஒரே சமயத்தில் காட்ட முடியாது. அதற்கு இரண்டு பதக்கம் வேண்டும். அந்த வட்டாரத்திலேயே இருந்தவை இரண்டுதான். ஒன்று எல்டனிடம், மற்றது அவருடைய பழைய சிநேகிதர் கிளெம் பாஷிடம்.

கிளெம் இத்தனை வருஷமாகத் தரமாட்டேன் என்றே சாதித்தார். கழகத் தலைவர் கர்டிஸ் காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகு, புதன்கிழமை ஒரு நீலப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எல்டன் வீட்டுக்கு வந்தார்.

“வெளிச்சம் அதிகமா படக்கூடாது. யாரும் கையில எடுக்கக்கூடாது. முக்கியமா அந்த கர்டிஸ் பூதக்கண்ணாடியோட பக்கத்துல வரவே கூடாது.”

“கிளெம், நான் என்ன நேத்துப் பிறந்தவனா? மெடலைப் பாத்துக்கத் தெரியாதா?”

“உனக்குத் தெரியும்பா. உலகத்துக்குத் தெரியாதே.”

நோரீன் சாண்ட்விச் கொண்டுவந்து வைத்தாள். கிளெம் மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்து, “முட்டையா? வேண்டாம் நோரீன். எனக்கு ஒத்துக்காது” என்று தட்டை நகர்த்தினார். அது ஊருக்கே தெரிந்த விஷயம். தேவாலய விருந்துகளில் முட்டைத் தட்டு வந்தால் கிளெம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அவர் போனதும், கண்காட்சியை அமைக்கும் பொறுப்பிலிருந்த எல்டன் அட்டை மாட்டக் கொக்கி வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது நோரீன் வாசலிலேயே நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. உள்ளங்கையில் ஏதோ மின்னியது.

“கண்ணை மூடு. ம்… இப்ப திற!”

கிளெமின் ஆந்தைப் பதக்கம் கதவுக் கைப்பிடி மாதிரி பளபளத்தது.

பதக்கம் சேர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு பெரும் பாவம்தான் உண்டு. தேய்ப்பது. நூறு வருஷக் காற்றும் கைச்சூடும் சேர்ந்து வெண்கலத்தின் மேல் ஏற்றிய அந்தப் பழுப்பு நிறம்தான் பதக்கத்தின் உயிர். அது போனால் போனதுதான்.

“நோரீன்… எதைப் போட்டு…”

“தக்காளி சாஸும் உப்பும். ஒரு மணி நேரம் ஊற வெச்சுத் தேச்சேன்! அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அழுக்கோட திருப்பிக் குடுத்திருக்கோமா எப்பவாவது? நம்மளதை அப்புறம் தேச்சுக்கலாம். முதல்ல விருந்தாளியோடது.”

அந்த ஊரில் யாராவது ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொடுத்தால், அதைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தருவார்கள். நோரீன் அதில் ஒருநாளும் தவறியதில்லை.

எல்டன் கத்த வாயைத் திறந்தார். அப்போது அவள் விரல்களைப் பார்த்துவிட்டார். மூட்டுவலியில் கோணிப்போன விரல்கள். நகக்கண்ணில் சாஸ் இன்னும் காயவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கைகளுக்கு முன்னால் இந்த நிமிஷமே சொல்லு என்று ஆண்டவரும் அவசரப்படுத்தமாட்டார் என்று அவருக்குத் தோன்றியது.

“பளபளன்னு இருக்கு கண்ணு” என்றார். அது பொய்யில்லை.

மறுநாள் காலை கார் ஷெட்டில் வைத்தியம் தொடங்கியது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கி, மூடிய டப்பாவுக்குள் வெண்கலத்தோடு வைத்தால், அந்த ஆவியில் வெண்கலம் கறுக்கும் என்று எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். பிஸ்கட் டப்பாவில் மூன்று முட்டையை நசுக்கிக்கொண்டிருக்கும்போது நோரீன் வந்து நின்றாள்.

“கார் ஷெட்டுல உட்கார்ந்து ஏன் முட்டை சாப்பிடற?”

எல்டன் டப்பாவைச் சட்டென்று மூடினார்.

“பசிச்சா சொல்லமாட்டியா? இவ்வளவு ஆசையா உனக்கு முட்டை மேல? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சே!”

மதியம் முட்டை சாலட். ராத்திரி முட்டைப் பொரியல். சனிக்கிழமை தேவாலய விருந்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள். முட்டையைப் பிளந்து, மஞ்சள் கருவில் கடுகுச் சாந்தைக் குழைத்து நிரப்பி, பெரிய தட்டு நிறைய!

டப்பாவைத் திறந்தபோது முட்டை தன் வேலையைச் செய்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே. நிறுவனரின் பாதி முகம் கத்தரிக்காய் நிறம். மறு பாதி இன்னும் மின்னியது. பின்பக்கம் ஆந்தை மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமாக இருந்தது.

நிறத்தைச் சமமாக்க எல்டன் பழுப்பு ஷூ பாலீஷை எடுத்தார். அது பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆந்தைக்கு மீசை முளைத்தது. துடைத்தார். மீசை தாடியானது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில், டில்லியின் அப்பா ராஸ், புகை அடுப்பில் பன்றி விலா போட்டிருந்தான். புகை எதையும் பழுப்பாக்கும் என்று எல்டன் கணக்குப் போட்டார். பதக்கத்தைக் கம்பியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

“ராஸ், இதைக் கொஞ்ச நேரம் உள்ள தொங்கவிடட்டுமா?”

ராஸ் குனிந்து பார்த்தான். “மெடலா? எந்தப் பன்னிக்குக் குடுக்கப்போறீங்க?”

“கேக்காதப்பா. புண்ணியமாப் போகும்.”

கொழுப்பு சொட்டியது. பாலீஷ் உருகியது. வெளியே எடுத்தபோது பதக்கம் எந்த நிறம் என்று சொல்ல அந்த ஊர் மொழியில் வார்த்தை இல்லை. ராஸின் நாய் எல்டன் பின்னாலேயே வீடு வரைக்கும் வாலாட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. கிளெம்.

“அது… எப்படி இருக்கு எல்டன்?”

“இருக்கு.”

“நாத்தம் ஏதும் வரலையே?”

எல்டன் ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். தொலைபேசி வழியாக முட்டை நாறுமா என்ன? “என்ன நாத்தம்?”

“இல்ல… பழைய டப்பா பாரு. சும்மா கேட்டேன். வெச்சிடறேன்.”

எல்டன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஒரு ஏலம் நினைவுக்கு வந்தது. இறந்துபோன ஒரு பேராசிரியரின் வீட்டுச் சாமான்கள். அதில் இந்த ஆந்தைப் பதக்கம் ஒன்று. நோரீன் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வருஷம் அது. இருந்த காசுக்கு எல்டனால் இரண்டு தடவைக்கு மேல் கை தூக்க முடியாது. எதிர் வரிசையில் கிளெம் கையைத் தூக்கியபடி நின்றார். ஒரு பதக்கம் ஏற்கெனவே கையில் இருந்தாலும், மறுபக்கம் காட்ட இன்னொன்று வேண்டும் என்று அவருக்குப் பல நாள் ஆசை. எல்டன் இரண்டாவது தடவை கை தூக்கியதும் கிளெம் அவரைப் பார்த்தார். மெதுவாகக் கையை இறக்கினார். பதக்கம் எல்டனுக்கு வந்தது. வெளியே வந்ததும், “தோள் வலிப்பா, தூக்க முடியல” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சனிக்கிழமை காலை எல்டன் எல்லோருக்கும் முன்னால் ஹாலுக்குப் போனார். தன் பழுப்புப் பெட்டியிலிருந்த, யார் கையும் தேய்க்காத பதக்கத்தை எடுத்து கிளெமின் நீலப் பெட்டிக்குள் வைத்தார். மயில் நிற ஆந்தையைத் தன் பெட்டியில் போட்டு, இரண்டு பெட்டியையும் திறந்தபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். நெஞ்சு லேசாக இருந்தது. வயிறு மட்டும் முட்டையால் கனத்தது.

கண்காட்சி திறந்து கொஞ்ச நேரத்தில் கர்டிஸின் அலறல் கேட்டது.

“எல்டன்! இதைத் தேச்சியா?”

“தேச்சேன்.” ஷூ பாலீஷ் போட்டுத் தேய்த்தது அவர்தானே.

“நீயா? இந்த அட்டையை எழுதி மாட்டினதே நீதானய்யா!”

கண்ணாடிப் பெட்டிக்கு மேல், எல்டனின் அழகான கையெழுத்தில், ‘அன்பர்களே, பதக்கங்களை ஒருபோதும் தேய்க்காதீர்கள்’ என்று தொங்கியது. கூடியிருந்தவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல உச்சுக்கொட்டினார்கள். நல்லவேளை, நோரீன் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். டில்லி மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, “மிஸ்டர் எல்டன், இருக்கறதுலயே இதுதான் சூப்பர்! மயில் கலர்ல ஆந்தை!” என்றாள்.

அப்போது கிளெம் வந்தார். கெட்டுப்போனதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீலப் பெட்டியில் இருந்ததைத்தான் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து மறுபடி பார்த்தார்.

“இது… என்னுதா?”

“உன் டப்பாவுலதான இருக்கு?”

கிளெமின் காது மடல் சிவந்தது. “எல்டன், உன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா…”

மாற்றி வைத்ததைக் கிளெம் கண்டுபிடித்துவிட்டார்! “சாப்பிட்டுட்டுப் பேசலாம் கிளெம்” என்று அடுக்களைப் பக்கம் நழுவினார். கர்டிஸ் கிளெமின் கையைப் பிடித்து மேஜை தூக்க இழுத்துக்கொண்டு போனார்.

விருந்தில் கிளெமின் மனைவி வெர்னா பரிமாறிக்கொண்டு வந்தாள். நிறையப் பேசமாட்டாள், சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நோரீன் செய்த முட்டைத் தட்டை எல்டன் முன்னால் நீட்டினாள்.

எல்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேண்டாம் வெர்னா. எனக்கு… ஒத்துக்கல.”

வெர்னா தட்டோடு நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தூரத்தில், முட்டையைக் கண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த தன் கணவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“நோரீன் எதைத் தேச்சா? எங்க வீட்டுல அந்த ஆந்தை மெடலைத்தான் வருஷங்களுக்கு முன்னாடி நான் தக்காளி சாஸ் போட்டுத் தேச்சேன். அப்புறம் ஒரு வாரம் நிலவறை பூரா முட்டை நாத்தம். அன்னையிலேர்ந்து அவர் முட்டையைத் தொடறதில்ல. பாவம், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

எல்லோரும் காரைக் கிளப்ப மேலே போன பிறகு, எல்டன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் தனியாக நின்றார். ஹாலில் மடக்கிய நாற்காலிகளைத் தவிர யாரும் இல்லை. நீலப் பெட்டி, பழுப்புப் பெட்டி. இரண்டையும் மாற்றிப் போட ஒரு நிமிஷம் போதும். அவர் கெடுத்ததாக நினைத்தது எப்போதோ கெட்டுப்போனது. அவர் கொடுத்ததுதான் அந்த வட்டாரத்திலேயே மிச்சமிருந்த, தேய்க்காத ஒரே ஆந்தை.

நீலப் பெட்டியின் மூடியை மெதுவாக மூடி, மேஜை தூக்கும்போது கிளெம் கழற்றிப் போட்டிருந்த மேல்சட்டையின் பைக்குள் வைத்தார். பழுப்புப் பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பன்றி விலா வாசனை லேசாக வந்தது. மேஜையில், காகிதக் கைக்குட்டையின் கீழ், நோரீன் அவருக்கென்றே ஒரு முட்டையை எடுத்து வைத்திருந்தாள். வாயில் போட்டுக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

இது என்னுது இல்ல என்று கிளெம் நாளைக்கே பெட்டியை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். வந்தால் என்ன சொல்வது என்று மெல்லும்போதே முடிவு செய்துவிட்டார்.

தோள் வலி, கையை நீட்ட முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.