இரண்டு இஞ்ச் கூடுதலாக ஒரு வீடு

மரியாதைக்கும் மனஸ்தாபத்துக்கும் சம அளவில் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன், தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தாங்கள் மட்டும் இன்னும் இரண்டு வாரத்துக்கு விசேஷ சௌக்கியமாக, குறிப்பாக முதுகுவலி இல்லாமல், இருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

அறக்கட்டளை வீடு விஷயம் தங்களுக்குத் தெரியும். ஆறு குடும்பங்களுக்கு ஒரே வரிசையில் ஆறு வீடு, வட்டியில்லாத தவணை. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு பிறத்தியார் வீடு என்று பார்க்காமல் நானூறு மணி நேரம் உடம்பால் உழைத்துக் கொடுக்க வேண்டும். நானூறு என்ன, நாலாயிரம் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியவன் வேறென்ன சொல்வான்? 'மாப்பிள்ளை, உங்க விலாசத்தை மட்டும் பென்சில்லதான் எழுதி வச்சிருக்கேன், அழிக்க வசதியா இருக்கும்' என்று தாங்கள் சபை நடுவில் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகத்தில் மட்டும் வைத்திருக்கிறேன்.

தங்கள் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் கரணையைத் தலைகீழாகப் பிடித்தவள், பத்தாம் நாள் மற்றவர்களுக்குப் பூச்சு வேலை சொல்லிக்கொடுத்தாள். அவள் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் நடுவில் நிற்கிற குமிழ் அசைய மாட்டேன் என்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போகிறாள். சனிக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் நான் ஞாயிறு மட்டும். மேற்பார்வை பார்க்கிற மேடம் என் கையில் ரம்பத்தைக் கொடுத்து, 'நீங்க டெய்லர், அளவெடுக்கத் தெரிஞ்சவர், கதவுப் பலகையெல்லாம் நீங்களே வெட்டுங்க' என்றார். அங்கேதான், மச்சான், பிடித்தது சனி.

இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிற கை. எந்த அளவைச் சொன்னாலும் தையலுக்கு என்று இரண்டு இஞ்ச் தானாக விட்டுவிடும். எங்கள் வீட்டுக்கு நாலு கதவு, பக்கத்தில் பஸ் டிரைவர் வீட்டுக்கு நாலு, எட்டையும் இரண்டு இஞ்ச் கூடுதலாகவே வெட்டி, வரிசையாகச் சாத்திவைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன். ஒரு கதவாவது நிலைக்குள்ளே போகணுமே! டிரைவர் வீட்டம்மா, 'அண்ணே, இது என்ன கணக்கு?' என்றார். வாய் சும்மா இருக்குமா? 'வளர்ற குடும்பம்மா, நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்'னு சொல்லிட்டேன். மொத்த சைட்டும் சிரிக்குது. நிலைதான் கோணல்னு நான் வாதாடினேன், அதுக்கு உங்க தங்கச்சி சாரத்து மேல நின்னுக்கிட்டு, 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றா. அப்புறம் என்னைப் பெயிண்டுக்கு மாத்தினாங்க. அவ பூசின சுவர்ல சாக்குக்கட்டியால கோடு போட்டு, எங்கே ஆரம்பிக்கலாம்னு பார்த்தேன். தள்ளி நின்னு பார்த்தா சுவர் முழுக்க ஒரு ரவிக்கை. அப்புறம் ஏணியைப் பிடிக்கச் சொன்னாங்க, அப்புறம் அதுவும் வேண்டாம், எல்லாருக்கும் டீ கொடுங்கன்னாங்க. டீ கொடுக்கிற நேரம் கணக்குல வராதாம். செஞ்சதையே திருத்திச் செய்யற நேரமும் வராதாம். நான் செஞ்ச வேலையில திருத்தாத வேலை எது மச்சான்?

இனி வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கடை அட்டையில் நான் போட்டுவைத்த கணக்குப்படி பதினாறு மணி நேரம் குறைகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் முடிக்காவிட்டால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். உங்க தங்கச்சிகிட்ட எல்லாம் முடிஞ்சாச்சுன்னு பொய் சொல்லியிருக்கேன். அவ தினமும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துட்டு வர்றா. அவ கையால பூசின சுவர்ல வேற யாரோ காலண்டர் மாட்டினா எனக்குத் தாங்காது. நெருங்கின உறவுக்காரங்க செய்யற வேலையும் கணக்குல சேருமாம். வர்ற சனி, ஞாயிறு வந்து எட்டு எட்டு மணி நேரம் கொடுங்க. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சொன்னவன் ரெண்டையும் மச்சானை நம்பிச் செஞ்சு பார்த்ததில்லை. நான் செய்யறேன். வந்து என்னை என்ன வேணா சொல்லுங்க, வேலை செஞ்சுக்கிட்டே சொல்லுங்க.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பரீட்சையில் என்னைப் போல் அல்லாமல் அளவாக எழுதச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கடிதத்தோடு, உறவினர் வேலை செய்வதற்கான படிவத்தையும் வாங்கி வைத்து அனுப்பலாமென்று இன்று சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு சைட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. என் கைத்தையல் எனக்குத் தெரியாதா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் பனியனோடு நின்று, என் கதவை இழைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். மேடம் சொன்னார்: 'அவரா? எட்டு சனிக்கிழமையா வர்றாரே! உங்க நானூறு போன வாரமே தாண்டியாச்சு. மாப்பிள்ளை ரோஷக்காரர், சொல்லாதேன்னு தங்கச்சிகிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்.'

மச்சான், உங்கள் எதிரில் அழ எனக்குத் தெம்பில்லை. இதை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் பார்க்கும்போது நான் பஸ் ஏறியிருப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களும் வரவே இல்லை. சட்டை இடது தோளில் பிரிந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் இதே ஆணியில் மாட்டுங்கள். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் தைத்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.