மீனுக்கு முன்னால் குடியேறியவர்கள்

"மீன் வர்ற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டேன்!"

அப்பா சபதம் போட்டபோது கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. மணல் இருந்தது. வடிகட்டி புளுபுளுவென்று குமிழி விட்டது. மீன்தான் இல்லை. எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மீனெல்லாம் எங்க, வேலைக்குப் போயிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சபதத்துக்கு உண்மையான காரணம் மாமா. அம்மாவின் அண்ணன். அவர் பேசினால் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். "மாப்பிள்ளே! லீவுக்கு வந்துடுங்க! வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்! உங்களுக்குன்னே உசரமான ஏணியா எடுத்து வெச்சிருக்கேன்!"

நாற்காலி மேல் ஏறினாலே அப்பாவுக்குத் தலை சுற்றும். மறுநாளே தொட்டி வந்துவிட்டது.

"இதுல எப்பங்க மீன் விடுவீங்க?" என்றாள் அம்மா.

அப்பா செய்தி வாசிப்பவர் குரலுக்கு மாறினார். (மூக்கால் படிக்கவும்.) "மீன் கழிவுல விஷம் உண்டாகும். அதைத் தின்னு தீர்க்க பாக்டீரியா வேணும். அது வந்து வடிகட்டிப் பஞ்சுல குடியேறணும். ஒரு மாசமும் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும். அதுவரைக்கும் தினம் ஒரு சிட்டிகை தீனி போடணும்."

"இல்லாத மீனுக்கா?"

"பாக்டீரியாவுக்கு!"

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க செய்யற வீட்டு வேலை மாதிரி."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி, தண்ணி தயாராகலேன்னா போக வேண்டாம். ஆயிட்டா?"

"ஆயிட்டா அடுத்த பஸ்ஸுலயே கிளம்பறேன்!" மேடையில் நிற்கும் தலைவர் போல அப்பா கையை வீசினார்.

தினமும் சாயங்காலம் சோதனை. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் மருந்துச் சொட்டு. பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. பச்சையைப் பார்த்ததும், "அடடா, இன்னிக்கும் விஷம்தாம்மா!" என்று, லாட்டரி விழுந்தவர் குரலில் வருத்தப்படுவார்.

லீவுக்கு முதல் நாள், மஞ்சள்.

குலுக்கினார். மஞ்சள். குப்பியைக் கழுவி மறுபடி குலுக்கினார். மஞ்சளோ மஞ்சள்.

பெருமை வந்தால் அப்பாவுக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது. "இவ்வளவு சீக்கிரமா எவன் தொட்டிலயாவது ஆகியிருக்கா? என் பாக்டீரியா வேலை செய்யற வேகத்தைப் பாரு!" எதிர் வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். காட்டி முடித்த பிறகுதான் ஏணி ஞாபகம் வந்தது.

"ஆனா... நான் போயிட்டா யாரு தீனி போடுவா?"

"நான் போடறேண்ணே," என்றார் அக்கா.

"மீன் வாங்க வேண்டாமா?"

"எங்கண்ணன் தன் தொட்டிலேர்ந்து தரேன்னிருக்கான். வரும்போது எடுத்துட்டு வந்துடலாம்," என்றாள் அம்மா.

"அதுசரி... தண்ணி எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

அம்மா வடிகட்டியைத் திறந்தாள். அப்பாவின் வெள்ளைப் பஞ்சுக்குப் பின்னால் கறுகறுவென்று இன்னொரு பஞ்சு. "அண்ணன் தொட்டில வருஷக்கணக்கா ஊறினது. ஈரம் காயாம டப்பால அடைச்சு பஸ்ஸுல அனுப்பினான். போன வாரமே உள்ள வெச்சுட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். அந்த வீட்டில் முதல் மீனை அப்போதுதான் பார்த்தேன்.

"அப்போ... என் பாக்டீரியா?"

"உங்களோடது இன்னும் வரலீங்க. இப்ப உள்ள இருக்கறது பூரா எங்கம்மா வீட்டு ஆளுங்க."