பருத்திப்பட்டு ஃபுல்பேக்கை எடுக்கலாமா, வேண்டாமா?

ஆவடி,
20-8-1988, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ஜானகிராமன் அவர்களுக்கு, கஜபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் தங்கை பார்வதமும் பிள்ளைகள் பாஸ்கரன், வனஜாவும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவில் எப்படி என்பதற்குத்தான் இந்தக் கடிதம். திருச்சியில் உங்கள் ஆபீஸ் வேலை தடையில்லாமல் நடக்கவும், கெஸ்ட் ஹவுஸ் சாம்பார் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவும் திருமுல்லைவாயில் ஈசனை வேண்டிக்கொள்கிறேன். கொஞ்ச நாளாக அவர் என் வேண்டுதல் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. உங்கள் வயிற்று விஷயத்திலாவது மனம் இரங்குகிறாரா பார்ப்போம்.

நீங்கள் ரயிலேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. நம் ஃபாக்டரி ஹாக்கி டீமுக்கு விளையாட்டுக் கோட்டாவில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஃபுல்பேக் ஒரே ஒருவனை எடுத்துக்கொள்ள அனுமதி வந்திருக்கிறது, எடுக்கப்படுகிறவனுக்கு ஃபாக்டரியில் வேலை, நிற்பதோ இரண்டு பேர், ஒருவன் என் மகன், இன்னொருவன் பருத்திப்பட்டுப் பையன் உத்தமன், செலக்‌ஷன் கமிட்டித் தலைவரான நீங்கள் ஒருவனைச் சொல்ல வேண்டும். "நான் தாய்மாமன். பாஸ்கரனை எடுத்தா ஊர் சிரிக்கும், எடுக்கலேன்னா என் தங்கச்சி எனக்குச் சோறு போடமாட்டா. நீங்க பழைய ஃபுல்பேக். அந்தப் பையனை நல்லாப் பாத்துட்டு, எடுக்கலாமா வேணாமான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, உங்க வார்த்தைப்படியே செஞ்சிடறேன்" என்றீர்கள். தாய்மாமன் சொன்னால் சிரிக்கிற ஊர், பெற்ற அப்பன் சொன்னால் மட்டும் மாலை போடுமா என்று கேட்க வாயைத் திறந்தேன், ரயில் நகர்ந்துவிட்டது. உங்களுக்கு எப்போதும் நல்ல நேரம், மச்சான். பாஸ்கரனுக்கு இந்த வருஷத்தோடு வயசு வரம்பு முடிகிறது என்பதும், ஹாக்கி ஸ்டிக்கைத் தவிர வேறு எதையும் அவன் உருப்படியாகப் பிடித்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் கிரவுண்டுக்குத்தான் போனேன், பிராக்டீஸ் ஆட்டம் பார்க்க. உத்தமன் சுமாராக ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன், உங்களிடம் மறைப்பானேன். அவன் ஓடவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அடடா, சோம்பேறி, பிழைத்தோம் என்று நினைத்தேன். நம் ஃபார்வர்டுகள் பந்தை உருட்டிக்கொண்டு தலைதெறிக்க வந்தார்கள், அவனைத் தாண்டியும் போனார்கள், பந்து மட்டும் போகவில்லை, அது அவன் ஸ்டிக்கில் இருந்தது. எப்போது எடுத்தான், எந்தப் பக்கமாக எடுத்தான் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவர் என்னைக் கேட்டார். அவன் பக்கத்து கோல்கீப்பர் குணசேகரன் வேலையில்லாமல் கம்பத்தில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் நம் பாஸ்கரன். குறை சொல்லக்கூடாது, உழைப்பாளி, கிரவுண்டு முழுக்க ஓடினான், ஆனால் எங்கே போனாலும் பந்து கிளம்பிப் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தான். ஆட்டம் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "அவன் எப்படிப்பா, சூப்பர் இல்ல?" என்று கேட்டான். போட்டியாளனைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டு கேட்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சரி, ஆட்டத்தில் குறை இல்லாவிட்டால் ஆளில் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நம் டீமில் வேலை நிரந்தரமான மறுநாளே முழங்கால் வலி வந்து, ஸ்டிக்கைப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் நிலைத்து ஆடுவானா, பீடி சிகரெட் உண்டா, குடும்பம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பது கமிட்டிக்குச் செய்யும் கைங்கரியம் அல்லவா? நாலு நாள் முன்னால், ஆடி மாதக் கடைசி நாள், வெள்ளை வேட்டி சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, வெயிலுக்குக் குடையும் எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். என் கெட்ட காலமும் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. "இங்க உத்தமன்னு ஒரு பையன்..." என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான், டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம வேலுசாமி அண்ணாத்தே புள்ளையா? தங்கம் நைனா! பீடி கெடையாது, தண்ணி கெடையாது. விடியறதுக்குள்ள ஏந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் ஸ்டிக்க தூக்கினு ஆவடிக்குப் போறான்."

எனக்கு மேலும் துக்கமாகிவிட்டது. கோபக்காரனா என்றேன், "வாயே தொறக்கமாட்டான்" என்றார். அப்பா அம்மா எப்படி என்றேன், நிலம் உண்டா என்றேன், கூடப் பிறந்தவர்கள் எத்தனை, உடம்பில் நோய்நொடி உண்டா, பல் கண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அதற்குள் கடையைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. நீங்க இன்னா ஆளுங்க, பூர்வீகம் எது என்று அவர்கள் கேட்டார்கள், சொன்னேன். அதில் வந்தது வினை, அவர்களும் நம் ஜனம்தானாம், தூரத்து உறவுகூட வருகிறதாம். "ஊட்ல பொண்ணு கீதா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறாள் என்றேன். "இன்னா படிச்சிகீது?" பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போகிறாள் என்றேன். ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிறார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டீக்குக் காசு கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஆவடியில் எவன் டீக்குக் காசு வாங்காமல் விட்டிருக்கிறான்?

நேற்று ஆவணி முதல் வெள்ளி. ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தேன். நம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரிலிருந்து ஆண்களும் பெண்களுமாக இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பழத்தட்டு, பூ, வெற்றிலை, ஒரு முழுப் பலாப்பழம். பிளாக் முழுவதும் பால்கனியில் வந்து நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, "நான்தான் வேலுசாமி. அன்னிக்கே வந்திருப்போம், ஆடி போவட்டும்னு காத்துகினு இருந்தோம், சம்பந்தி!" என்றார். மச்சான், பனியனோடு நின்ற என்னை ஒரு மனிதர் சம்பந்தி என்கிறார், நான் என்ன செய்வது? உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சமையலறைக்குள் இழுத்துப்போய், "இத்தனை நாள் கல்லு மாதிரி உக்காந்திருந்துட்டு, எனக்குக்கூடச் சொல்லாம இப்படி ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கீங்களே!" என்று கண்கலங்கினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை, அதுவும் நான் செய்யாத காரியத்துக்கு. கூடத்துக்கு வந்து, "நான் விசாரிச்சது ஹாக்கிக்காக..." என்று ஆரம்பித்தேன். வேலுசாமி குறுக்கே கையை அசைத்து, "ஆடட்டும் சம்பந்தி, கல்யாணத்துக்கப்புறமும் நல்லா ஆடட்டும், நாங்க இன்னா வேணாம்னா சொல்றோம்?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் மனைவி நாகம்மாள் வனஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையில் பூ வைத்துவிட்டாள். உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்தான், அவனுக்கு காபி கொண்டுபோய்க் கொடுத்தது நம் பாஸ்கரன். கொடுத்துவிட்டுச் சும்மா வந்தானா? பெனால்டி கார்னரில் எந்தக் காலை முன்னால் வைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் டபரா டம்ளர்களை ஆட்கள் மாதிரி நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வனஜா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான், ஆனால் பெற்றவனுக்குத் தெரியாதா? அந்தப் பார்வையோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கிளம்பும்போது வேலுசாமி சொன்னார்: "காசு பணம் நகை நட்டு ஒண்ணும் வாணாம். புள்ளைக்கு ஃபாக்டரில வேலைன்னு ஆர்டர் வரட்டும், அன்னிக்கே தேதி வெச்சிக்கலாம். வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு கட்டி அந்தப் பொண்ணை நான் மாடு மேய்க்க வுடமாட்டேன்." நியாயமான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உத்தமனை எடுக்கலாம் என்று எழுதினால் என் மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு வேலை போச்சு. வேண்டாம் என்று எழுதினால் மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள், அந்த எறும்புக்காவது நடுவில் நிற்க ஓர் இடம் இருந்தது. "ரெண்டு பேரையும் எடுத்துக்கச் சொல்லி எங்கண்ணனுக்கு எழுதுங்க" என்கிறாள் உங்கள் தங்கை, ஃபாக்டரி என்னவோ நீங்கள் வீட்டு முற்றத்தில் போட்ட பந்தல் மாதிரி. வனஜா ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதாகக் காட்டிக்கொண்டாள். பாஸ்கரன் காலையில் எழுந்து ஸ்டிக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை மச்சான். சின்ன வயசில் என் ஆட்டத்தைப் பார்க்க வந்து கோடு ஓரத்தில் கத்திக்கொண்டு நின்ற பிள்ளை. இந்த வேலையும் போனால் அவன் எங்கே போய் நிற்பான்?

யோசித்து யோசித்துத் தலை காய்ந்துவிட்டது. ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெண்ணுக்கு இந்த இடம் போனால் இன்னொரு இடம் வரும். பையனுக்கு இன்னொரு ஃபாக்டரி வராது. எனவே நீங்கள் கேட்ட ஒரு வரி இதோ: உத்தமன் வேண்டாம். காரணம் கேட்டால், பையன் போதுமான அளவு ஓடுவதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அது பொய் இல்லை, அவன் ஓடவில்லை என்பதை நானே கண்ணால் பார்த்தேன். வனஜாவுக்கு என் முகத்தை எப்படிக் காட்டுவேன் என்பது என் பாடு.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. பலாப்பழத்தைப் பிளாக் முழுவதும் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று, எல்லோரும் கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்கள். அங்கே இருக்கும் என் அக்கா பொன்னம்மாளைப் பார்த்தால், உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். ஊரிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் ஆசி, அது பலிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட
கஜபதி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, மாலை. இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. காலையில் பருத்திப்பட்டு டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்றார். "இன்னா நைனா இப்டி பண்ணிட்டீங்க? உங்க பொண்ணே நேத்து ஊட்டாண்ட வந்து, எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னு நாகம்மா கைல சொல்லிட்டுப் போயிடுச்சு. வேலுசாமி அண்ணாத்தே ரொம்ப மனசு ஒடஞ்சி கீறாரு. இனிமே பேச்சில்லன்னு சொல்லிட்டு வரச் சொன்னாரு" என்றார். டைப்ரைட்டிங் கிளாஸுக்கு என்று கிளம்பிய பெண் அங்கே போயிருக்கிறாள். ஏண்டி என்று உங்கள் தங்கை கையை ஓங்கினாள். "நீங்க அண்ணனுக்காக எழுதறதுக்கு நான் குறுக்க இருக்கக்கூடாதுப்பா" என்றாள் வனஜா, என்னைப் பார்த்து. அவள் சொல்லி முடிக்கவில்லை, பாஸ்கரன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் நேற்று சாயங்காலமே டீம் கேப்டன் சண்முகசுந்தரத்திடம் போய், தன் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டானாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "அவ அவனைப் பாத்தத நானும் பாத்தேம்பா" என்றான். சமையல் ஆகவில்லை. அண்ணனும் தங்கையும் மத்தியானம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். இனிமேல் உத்தமன் எனக்கு மருமகனும் இல்லை, என் மகனுக்குப் போட்டியும் இல்லை. அவனால் என் வீட்டில் யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. அதனால் நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் என்னால் பதில் எழுத முடிகிறது, மச்சான்: அவனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஃபுல்பேக்கை நான் பார்த்ததே இல்லை.