இரைச்சல் நிபுணர் சிங்காரவேலு

வீட்டில் எது கெட்டாலும் "யாரையும் கூப்பிடாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று முன்னால் வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. மிக்சி நின்றால் கவிழ்த்துப் பார்க்கும். டிவி மங்கினால் மண்டையில் தட்டும். குழாய் சொட்டினால் அதை ஒழுக வைக்கும். ஊருக்கு ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஒன்று.

பாகூர் உருப்படியின் பெயர் சிங்காரவேலு. மூன்று காணியில் நெல் பயிரிடுகிறவர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்து ஓராண்டில் நின்றவர். படித்த ஆண்டைவிடப் படிக்காமல் விட்ட ஆண்டுதான் அவருக்கு அதிகத் தைரியம் கொடுத்திருந்தது.

மனைவி கஸ்தூரி அங்கன்வாடி ஆசிரியை. பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லி, நரியும் காக்காயும் அவள் குரலில் குடியேறிவிட்டன. சிறுவர் கதைகளை ஒலிப்பதிவு செய்யும் சென்னை நிறுவனம் ஒன்று, மூன்று நிமிஷக் கதை ஒன்றை மாதிரிக்குப் பேசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. தனக்கென்று அவள் ஆசைப்பட்ட முதல் காரியம் அது. மைக் வாங்கி, மகளின் பழைய லேப்டாப்பில் சொருகி, பேசி, கேட்டுப் பார்த்தாள். கதைக்கு முன்னால், கதைக்கு அடியில், கதை முடிந்த பிறகும் ஒரே "ங்ங்ங்ங்".

"கொடத்துக்குள்ள வண்டு பூந்தா மாரி இருக்குதுங்க. ஜெராக்ஸ் கட நிஷாவ ஒரு வார்த்த கேக்கட்டுமா?"

கேட்பதா? சிங்காரவேலு வீட்டில் இருக்கும்போதா?

"அதுக்கு இன்னா தெரியும்? நீ குந்து. அஞ்சு நிமிசம்."

அப்போது ஞாயிறு காலை மணி பதினொன்று.

மின்விசிறியை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், உள்ளே வஞ்சிரம் மீன் இருப்பதை மறந்தார், ஜன்னலைச் சாத்தினார், மைக்குக்குக் கைக்குட்டை கட்டினார், அதன் மேல் பனியன் துணி சுற்றினார், யூடியூபில் ஓர் இந்திக்காரர் சொன்னதை இந்தி தெரியாமலே அப்படியே செய்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு "இப்பப் பேசு" என்றார். அவள் பேசினாள். வண்டும் பேசியது.

அப்புறம்தான் குற்றவாளி பிடிபட்டது. பக்கத்துக் கொல்லை மோட்டார்! வேலியோரம் ஓடினார்.

"நடேசா, மோட்டார கொஞ்சம் நிறுத்துப்பா! மைக்குல கேக்குது!"

"நாத்தங்கால் காஞ்சிக்கினு இருக்குது, உன் மைக்குக்கு நான் மோட்டார நிறுத்தணுமா?" என்றார் நடேசன். இருந்தாலும் கஸ்தூரிக்காக நிறுத்தினார். மோட்டார் நின்றது. வண்டு நிற்கவில்லை.

நாலு மணிக்கு, நாற்பதாவது தடவையோ என்னவோ, கஸ்தூரி "ஒரு ஊரிலே" என்று ஆரம்பித்தாள். "ஒரு ஊ" வரைக்கும்தான் குரல் வந்தது. மிச்சம் வெறும் காற்று. மைக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உடுங்க. எனக்குக் குடுத்து வைக்கல."

திட்டியிருந்தால் சிங்காரவேலு இன்னும் ஏதாவதொன்றைக் கழற்றியிருப்பார். அவள் திட்டவில்லையே! கையிலிருந்த பனியன் துணியைக் கீழே வைத்தார். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். ஜெராக்ஸ் கடை மெஹர் நிஷாவுக்கு அவரே போன் போட்டார்.

"மைக்குல கொய்ங்குன்னு சத்தம் வருதும்மா."

"லேப்டாப்புல சார்ஜர் சொருவியிருக்குதாண்ணே?"

"ஆமா."

"அத்தப் புடுங்கிட்டுப் பேசச் சொல்லுங்க."

பிடுங்கினார். வண்டு செத்தது.

"எர்த் இல்லன்னா இப்டித்தாண்ணே வரும். பிளக்குல பெரிய பின்னு இருக்குதா பாருங்க."

இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. சுவரில் இருந்த இரண்டு ஓட்டையில் நுழையவில்லை என்று போன பொங்கலன்று கட்டிங் பிளேயரால் அதை வெட்டி எறிந்தவர் சாட்சாத் சிங்காரவேலு.

"கம்பெனிலேயே வெக்கலம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமினார். "கஸ்தூரி... அந்தப் பின்ன நான்தான் வெட்டனேன்."

"தெரியும். அன்னிக்கி டார்ச் புடிச்சதே நான்தான."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்புகூடக் கரகரவென்றுதான் வந்தது. அதே தொண்டையோடு பேசி, ஐந்து மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. இளவரசிக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டதாம். ஆனால் கிழத்தவளைக்கு இந்தக் கரகரப்புதான் வேண்டுமாம், தேர்வாகிவிட்டாளாம்.

"பாத்தியா?" என்று எழுந்து நின்றார் சிங்காரவேலு. "அஞ்சு மணி நேரம் நான் பேச வெக்கலன்னா அந்தத் தொண்ட வந்திருக்குமா?"

சுவரில் எர்த்தோடு மூன்று ஓட்டைப் பாயின்ட்டும் சார்ஜருக்குப் புது பிளக்கும் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தபோதும், பக்கத்திலேயே நின்று அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் மேசை இழுப்பறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். எதைக் கழற்றி மாட்டியபோது மிஞ்சியது என்று சொல்லத் தெரியாத திருகாணி ஒன்றாவது அங்கே கிடந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

என்னிடம் ஏழு இருக்கின்றன.